எஃப்-350 மேல கேம்பர்: பின்பக்க சஸ்பென்ஷன்ல எதை மாத்தினேன், எதை விட்டேன்

பிக்கப் ட்ரக்கோட பெட்ல, அதாவது பின்பக்கத் தொட்டியில, கேம்பர்ங்கற குட்டி வீட்டை ஏத்தி ஓட்ட ஆரம்பிச்சவங்க யாரா இருந்தாலும் முதல்ல கேக்குற கேள்வி ஒண்ணுதான், எந்த ஏர்பேக் (பின் சஸ்பென்ஷனைத் தூக்கிப் பிடிக்கிற காத்துப் பை) வாங்கலாம்? வண்டி பின்னாடி அமுங்கிருச்சு, ஹெட்லைட் வானத்தைப் பாக்குது, எதிர்ல வர்றவங்க எல்லாம் லைட்டை அடிச்சுக் காட்டுறாங்க, அதனால காத்தை அடிச்சுத் தூக்கிட்டா சரியாயிடும்னு தோணும். தூக்கினா லெவல் சரியாகும், அது வாஸ்தவம்தான். ஆனா பெரும்பாலும் ஆளை உலுக்குறது அமுங்கல் இல்ல, ஆட்டம். அமுங்கறது வேற, பக்கவாட்டுல சாயறது வேற, முன்னும் பின்னும் குதிக்கிறது வேற. மூணுக்கும் காரணம் வேற, சாமான் வேற. இதைப் பிரிச்சுப் பாக்காம கடைக்குப் போனா பணமும் போகும், ஆட்டமும் அப்படியே இருக்கும். நான் ஒவ்வொண்ணா மாத்தி, ஒவ்வொரு தடவையும் அதே ரோட்ல ஓட்டிப் பாத்து, அப்புறம்தான் அடுத்ததுக்குப் போனேன், அந்த விவரத்தைத்தான் இங்க எழுதுறேன்.

வண்டி 2017 ஃபோர்டு எஃப்-350, டீசல், க்ரூ கேப், எட்டடி பெட், பின்னாடி ஒத்தை வீல். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஃபோர்டு இதுக்குன்னே கேம்பர் பேக்கேஜ்னு ஒரு ஆப்ஷன் வச்சிருக்காங்க, அதுல முன்னாடி கொஞ்சம் கனமான ஸ்பிரிங், பின்னாடி ஆக்ஸிலரி ஸ்பிரிங், பின்பக்க ஸ்வே பார் (பக்கவாட்டுச் சாய்வைத் தடுக்கற கம்பி) எல்லாம் வரும், என் வண்டியில அது கிடையாது. நீங்க வண்டி தேடிட்டு இருக்கற கட்டத்துல இருந்தா அந்தப் பேக்கேஜ் இருக்கான்னு முதல்ல பாருங்க, பின்னாடி பாதி வேலை மிச்சம். கேம்பர் பழசு, ஹார்டு சைடு (துணி இல்லாத கெட்டிச் சுவர்), ஸ்டிக்கர்ல ட்ரை வெயிட், அதாவது தண்ணி, சாமான் எதுவும் இல்லாத எடை, 2,780 பவுண்ட்னு போட்டிருக்கு. நாங்க இருக்கறது சியாட்டில் பக்கம், அடிக்கடி போற வழி ஐ-90 ஹைவே, ஸ்னோகுவால்மி பாஸ்ங்கற மலைக் கணவாய் ஏறி எல்லென்ஸ்பர்க் வழியா வாண்டேஜ் பாலம் தாண்டி கிழக்கால போறது. மேடு, பள்ளம், கான்கிரீட் ஜாயின்ட், குறுக்குக் காத்து எல்லாமே ஒரே வழியில கிடைக்கும்ங்கறதால இதைவிட நல்ல டெஸ்ட் ரோடு கிடையாது.

முதல் வேலை எடை. கேட் ஸ்கேல் (CAT Scale, லாரி எடை மேடை) இருக்கற ட்ரக் ஸ்டாப்புக்குப் போங்க, நார்த் பெண்ட் மாதிரி ஹைவே ஓரத்துல எங்கயாவது இருக்கும். முன் வீல் முதல் பலகையில, பின் வீல் ரெண்டாவது பலகையில நிக்கிற மாதிரி நிறுத்தணும், அப்பதான் ஆக்ஸில் ஆக்ஸிலா தனித்தனியா எடை வரும். அவங்க ஆப்ல காசு கட்டினா ரசீது போனுக்கே வந்துரும், 24 மணி நேரத்துக்குள்ள மறுபடி எடை போட்டா ரேட் ரொம்பக் கம்மி, அதனால கேம்பர் இல்லாம ஒரு தடவை, ஏத்தினதுக்கப்புறம் ஒரு தடவைன்னு ஒரே நாள்ல முடிச்சுக்கலாம்.

எனக்கு வந்த கணக்கு இது. டேங்க் நிறைய டீசல், உள்ள நாங்க ரெண்டு பேர், கேம்பர் இல்ல: முன்னாடி 4,720, பின்னாடி 3,280, மொத்தம் சரியா 8,000. கேம்பரை ஏத்தி, டூர் போற மாதிரியே தண்ணி, கேஸ், பாத்திரம், அரிசி, துணிமணி எல்லாம் வச்சு: முன்னாடி 4,800, பின்னாடி 6,640, மொத்தம் 11,440. அதாவது ஸ்டிக்கர்ல 2,780 போட்ட கேம்பர் நிஜத்துல 3,440. இந்த 660 பவுண்ட் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, ஒரு காலன் தண்ணி 8.34 பவுண்ட், 30 காலன் டேங்க் நிரப்பினா அதுவே 250. ரெண்டு சிலிண்டர் கேஸ் மட்டும் 40. ஏஜிஎம் பேட்டரி (ஈய பேட்டரியில ஒரு வகை) ரெண்டு 130 கிட்ட. மேல ஏசி, பக்கத்துல ஆனிங் (விரிக்கிற நிழல் கூரை), இதெல்லாம் ஆப்ஷன்ங்கற பேர்ல ட்ரை வெயிட்ல சேக்காம விட்டிருப்பாங்க. மிச்சம் நம்ம சாமான். ட்ரை வெயிட்டை நம்பி வண்டி வாங்காதீங்க, தயவு செஞ்சு.

என் கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல மொத்த எடை வரம்பு 11,500, பின் ஆக்ஸில் வரம்பு 7,200 சொச்சம். ஆக ஆக்ஸில்ல இடம் இருக்கு, மொத்தத்துல 60 பவுண்ட்தான் மிச்சம். இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். ஏர்பேக் போட்டாலும், ஸ்பிரிங் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) சேத்தாலும், 5,000 பவுண்ட் தாங்கும்னு பெட்டி மேல பெருசா அச்சடிச்ச கிட்டை மாட்டினாலும், அந்த ஸ்டிக்கர்ல இருக்கற நம்பர் ஒரு பவுண்ட் கூட ஏறாது. பிரேக், ஆக்ஸில் ஹவுசிங், பேரிங், ரிம், டயர் எல்லாம் அதே பழசுதானே. சஸ்பென்ஷன் வேலை எல்லாம் வரம்புக்குள்ள இருக்கற எடையை ஒழுங்கா சுமக்க வைக்கிறதுக்கு, வரம்பைத் தாண்டுறதுக்கு இல்ல. அதனால நான் முதல்ல செஞ்சது எடையைக் குறைச்சதுதான். ஏஜிஎம் பேட்டரியை எடுத்துட்டு லித்தியம் போட்டேன், அதுல ஒரு 70 பவுண்ட் போச்சு. தண்ணி டேங்க்கை பாதிதான் நிரப்புறது, கேம்ப்கிரவுண்ட் பக்கத்துல மிச்சத்தைப் பிடிச்சுக்கறது, அதுல ஒரு 125.

அந்த ரசீதுல இன்னொரு தகவலும் ஒளிஞ்சிருக்கு, நிறைய பேர் பாக்க மாட்டாங்க. கேம்பர் ஏத்தினதும் முன் ஆக்ஸில் எடை கூடுச்சா குறைஞ்சுச்சா? எனக்கு 80 பவுண்ட் கூடிருக்கு. வீல்பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல தூரம்) 176 இன்ச், 80-ஐ 176-ஆல பெருக்கி 3,440-ஆல வகுத்தா 4 இன்ச் வருது, அதாவது கேம்பரோட எடை மையம் பின் ஆக்ஸிலுக்கு 4 இன்ச் முன்னாடி உக்காந்திருக்கு. இது நல்லது. முன்னாடி எடை குறைஞ்சிருந்தா மையம் ஆக்ஸிலுக்குப் பின்னாடி போயிருக்குன்னு அர்த்தம், ஸ்டியரிங் லேசாகும், வண்டி அலையும், அதுக்கு எந்த ஸ்பிரிங்கும் மருந்து இல்ல, கேம்பரே அந்த ட்ரக்குக்குப் பொருந்தலைன்னு அர்த்தம். அமெரிக்காவுல விக்கிற ஸ்லைடு-இன் கேம்பர்ல எடை மையம் எங்கன்னு கம்பெனி சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கு, ட்ரக் மேனுவல்லயும் மையம் எந்த இடத்துக்குள்ள விழணும்னு படம் போட்டிருப்பாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. சின்ன பெட் ட்ரக்ல பெரிய கேம்பர் ஏத்தறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

அடுத்தது டயர், காசே செலவில்லாத வேலை. என்னோடது எல்டி 275/70 ஆர்18, லோட் ரேஞ்ச் இ (டயர் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற குறியீடு), 80 பி.எஸ்.ஐ-ல ஒண்ணு 3,640 பவுண்ட் தாங்கும், ரெண்டும் சேந்து 7,280, ஆக 6,640-க்குப் போதும். ஆனா வண்டி என் கைக்கு வந்தப்ப பின் டயர்ல 55 பி.எஸ்.ஐ-தான் இருந்துச்சு, காலி வண்டிக்கு அது சொகுசா இருக்கும்னு அப்படி விட்டிருப்பாங்க. அந்தக் காத்தோட கேம்பரை ஏத்தினா சைடுவால் நெளியும், லேன் மாத்தும்போது வண்டி திரும்பி முடிச்சதுக்கப்புறம் பின்பக்கம் அரை நொடி கழிச்சு திரும்புற மாதிரி இருக்கும். பின் டயர் ரெண்டையும் காலையில குளிர்ந்திருக்கும்போது 80-க்கு ஏத்தினேன், அந்த நெளிவு பெரும்பாலும் போயிருச்சு. சஸ்பென்ஷன்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யலைன்னா, அப்புறம் எது எதைச் சரி பண்ணுச்சுன்னே தெரியாது. லோட் ரேஞ்ச் இ-யும் பத்தாத அளவு கனமான கேம்பர் வச்சிருக்கறவங்க 19.5 இன்ச் ரிம்முக்குப் போறாங்க, அது தனி உலகம், எனக்குத் தேவைப்படல.

அதே சமயத்துல கேம்பரைக் கட்டி வச்சிருக்கறதையும் பாருங்க. நண்பர் ஒருத்தரைப் பின்னாடி கார்ல வரச் சொல்லி வீடியோ எடுக்கச் சொன்னேன். ட்ரக்கும் கேம்பரும் ஒண்ணா சாயுதா, இல்ல ட்ரக் நேரா போயிட்டு இருக்க கேம்பர் மட்டும் பெட்டுக்குள்ள நகருதான்னு பாக்கறதுக்கு. ரெண்டாவது மாதிரி இருந்தா அது சஸ்பென்ஷன் பிரச்சினையே இல்ல, டை-டவுன் (கேம்பரை ட்ரக்கோட கட்டற கொக்கி) பிரச்சினை. பெட்ல ரப்பர் மேட் கண்டிப்பா வேணும், வெறும் பிளாஸ்டிக் லைனர் மேல கேம்பர் வழுக்கும். பெட்டோட முன் சுவருக்கும் கேம்பர் மூக்குக்கும் நடுவுல இடைவெளி இருந்தா ரெண்டுக்கு நாலு கட்டையை வச்சு முட்டுக் கொடுங்க. டர்ன்பக்கிள் (திருகி இறுக்கற கம்பி) நாலும் ஃப்ரேம்ல மாட்டற டை-டவுன்ல இருந்து வந்தா நல்லது, பெட் தகரத்துல மாட்டறது எனக்குப் பிடிக்காது. என் வீடியோவுல ரெண்டும் ஒண்ணாதான் சாஞ்சுது, ஆக பிரச்சினை கீழதான்.

டேப்பை எடுத்து அளந்தும் வச்சுக்கிட்டேன். பின் வீல் மேல ஃபெண்டர் விளிம்புல இருந்து தரை வரைக்கும், காலியா 42 கால் இன்ச், கேம்பரோட இடது பக்கம் 38, வலது பக்கம் 38 முக்கால். இடது பக்கத்துலதான் ஃப்ரிட்ஜ், அடுப்பு, பேட்டரி எல்லாம், அதனால அந்தப் பக்கம் கூடுதலா இறங்கிருக்கு. டூல் பாக்ஸ், தண்ணி கேன், மடக்கு நாற்காலி எல்லாத்தையும் வலது பக்கம் மாத்தினதும் வித்தியாசம் அரை இன்ச்சா குறைஞ்சுது.

இப்ப பட்டைக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. சூப்பர் டியூட்டி (எஃப்-350 சேந்த ஃபோர்டு வரிசை) அடியில படுத்து டார்ச் அடிச்சுப் பாருங்க. மேல மெல்லிசா வளைஞ்ச பட்டைகள் சில, அதுக்கு அடியில தனியா, தடிமனா, கிட்டத்தட்ட நேரா ஒரு பட்டை. அந்த அடிப் பட்டைதான் ஓவர்லோடு. காலி வண்டியில அதோட நுனி மேல் பட்டையைத் தொடவே தொடாது, நல்லா ஒரு விரல் அகலத்துக்கு மேல இடைவெளி இருக்கும். எடை ஏறி, மேல் பட்டைகள் அமுங்கி அமுங்கி, அந்த இடைவெளி மூடின பிறகுதான் தடி பட்டை வேலைக்கு வரும். அதனால என்ன ஆகுதுன்னா, கேம்பர் எடை மென்மையான பட்டை மேலயே நின்னுட்டு, ஒரு திருப்பத்துல வெளிப்பக்கம் இடைவெளி மூடி அங்க திடீர்னு விறைப்பாகுது, உள்பக்கம் இன்னும் தொங்கிட்டு இருக்கு, நிமிரும்போது மாறி நடக்குது. நமக்கு அது முதல்ல தொய்வா சாஞ்சு அப்புறம் டக்குனு நிக்கிற மாதிரி தெரியும். ரொம்ப உயரத்துல எடை வச்சிருக்கற வண்டிக்கு இது நல்லதே இல்ல.

இந்த இடைவெளியை அடைக்கிற சாமான்தான் டார்க்லிஃப்ட் கம்பெனியோட ஸ்டேபிள்லோடு. அவங்களும் நம்ம வாஷிங்டன் ஸ்டேட்காரங்கதான். அடிப் பட்டையோட ரெண்டு நுனியிலயும் ஒரு கெட்டியான பேட் உக்காரும், அதனால எடை ஏறின உடனேயே தடி பட்டை ரெண்டு பக்கமும் வேலைக்கு வந்துரும். புதுசா ஸ்பிரிங் எதுவும் சேக்கல, வண்டியில ஏற்கனவே இருக்கற ஸ்பிரிங்கை முன்கூட்டியே எழுப்பி விடுறோம், அவ்வளவுதான். குயிக் டிஸ்கனெக்ட் மாடல் வாங்கினா, கேம்பரை இறக்கினதும் பின்னை இழுத்து பேடைத் திருப்பி விட்டுட்டா வண்டி பழைய மாதிரி மென்மையா ஓடும். தினமும் அதே ட்ரக்ல ஆபீஸ் போற எனக்கு இது பெரிய விஷயம். கேம்பர் பேக்கேஜ் இருக்கற வண்டியில பட்டைக்கு மேல இன்னொரு ஓவர்லோடும் இருக்கும், அதுக்கு தனியா அப்பர் மாடல் வருது. என்னோடதுல அது இல்ல, அதனால லோயர்.

மாட்டறதுல ஒரே கஷ்டமான வேலை துளை போடுறது. என் பட்டையில ரெடியா துளை கிடையாது. ஸ்பிரிங் ஸ்டீல் சாதாரண இரும்பு மாதிரி இல்ல, அவசரப்பட்டா பிட் முனை போயிரும். கேம்பரை இறக்கிட்டு, ஃப்ரேம்ல ஜாக் ஸ்டாண்ட் கொடுத்து, ஆக்ஸில் தொங்கற மாதிரி வச்சா அடிப் பட்டை நுனிக்கு நல்லா கை போகும். சென்டர் பஞ்ச் அடிச்சு, கோபால்ட் பிட்ல முதல்ல எட்டுல ஒரு இன்ச், அப்புறம் கால் இன்ச், அப்படியே படிப்படியா. ட்ரில் ரொம்ப மெதுவா சுத்தணும், அழுத்தம் நிறைய கொடுக்கணும், கட்டிங் ஆயில் விட்டுக்கிட்டே இருக்கணும். சரியா வெட்டுச்சுன்னா சுருள் சுருளா துருவல் விழும். கீச்னு சத்தம் வந்து தூள் மட்டும் வந்தா உடனே நிறுத்துங்க, வெட்டாம தேய்ச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அப்படியே விட்டா அந்த இடம் இன்னும் இறுகிப் போகும், அப்புறம் எந்த பிட்டும் இறங்காது. பட்டையில துளை போட்டா உடைஞ்சு போகாதான்னு வீட்ல கேட்டாங்க, நியாயமான கேள்விதான். பட்டையில வளைவு விசை நடுவுல, யூ-போல்ட் பக்கத்துலதான் அதிகம், நுனிக்குப் போகப் போகக் குறைஞ்சுக்கிட்டே வரும். துளை நுனிப் பக்கம்தான் வருது, அதுவும் கம்பெனி குறிச்சுக் கொடுத்த இடத்துல மட்டும். துளையோட விளிம்பை ஃபைல் போட்டு மழுங்க வச்சு, துருப் பிடிக்காத பெயிண்ட் அடிச்சேன், பாஸ்ல குளிர்காலத்துல தெளிக்கிற உப்புத் தண்ணி பச்சை இரும்பை சும்மா விடாது.

போட்டதும் பின்பக்கம் ஒரு இன்ச் கிட்ட ஏறுச்சு, அதைவிட முக்கியம் அந்தத் தொய்வு போச்சு. ஆஃப்-ராம்ப் வளைவுல வண்டி ஒரே சீரா சாஞ்சு ஒரே சீரா நிமிருது. எங்க வீட்டம்மா சொன்னது, இப்ப அலமாரிக்குள்ள டம்ளர் உருளற சத்தம் கேக்கலைன்னு.

இதே வேலையை வேற வழியிலயும் செய்யலாம். டிம்ப்ரன்னு ஒண்ணு வருது, பம்ப் ஸ்டாப்பை (ஆக்ஸில் ஃப்ரேம்ல இடிக்காம தடுக்கற ரப்பர்) கழட்டிட்டு அந்த இடத்துல நடுவுல கூடா இருக்கற ரப்பர் ஸ்பிரிங்கை வைக்கிறது, அமுங்க அமுங்க விறைப்பு ஏறும், காத்து இல்ல, லீக் இல்ல, ஒரு மதிய நேரத்துல மாட்டிரலாம். சூமோஸ்பிரிங் கிட்டத்தட்ட அதே மாதிரி, ஆனா ஃபோம். சூப்பர்ஸ்பிரிங்னு பட்டை மேலயே இன்னொரு பட்டையைக் கவ்வி மாட்டற கிட்டும் இருக்கு. வருஷம் பூரா கேம்பரை இறக்கவே மாட்டேன்ங்கறவங்களுக்கு என் சிபாரிசு இது எதுவும் இல்ல, நல்ல ஸ்பிரிங் பட்டறைக்குப் போய் உங்க எடை ரசீதைக் காட்டி ஒரு பட்டை சேத்து அடிச்சுக்கங்க, அதுதான் சுத்தமான வழி. கேம்பரை ஏத்தி இறக்கிட்டு இருக்கறவங்களுக்கு அது சரிப்படாது, காலி வண்டி முதுகை உடைச்சிரும்.

இப்ப ஷாக், அதாவது ஷாக் அப்சார்பர். ஷாக் ஒரு பவுண்ட் எடை கூட தாங்காது, அதை முதல்ல மனசுல வச்சுக்கணும், அதோட வேலை ஸ்பிரிங் ஆடுறதை நிறுத்துறது மட்டும்தான். ஐ-90 கான்கிரீட் ஜாயின்ட்ல ஒரே வேகத்துல போகும்போது மூக்கு ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு தாளத்துல குதிக்கும், அது அமுங்கலும் இல்ல சாய்வும் இல்ல, டேம்பிங் பத்தலை. கம்பெனி ஷாக் காலி வண்டியோட சொகுசுக்காக டியூன் பண்ணது. பில்ஸ்டீன் 5100 நல்லா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க, நல்ல ஷாக்தான், ஆனா நான் ரேன்ச்சோ ஆர்எஸ்9000எக்ஸ்எல் எடுத்தேன், காரணம் அதுல ஒன்பது நிலை வச்சு ஒரு திருகு இருக்கு, கையாலயே திருப்பலாம். பின்னாடி கேம்பரோட 7, காலியா 3. கேம்பர் ஏறி இறங்கற வண்டிக்கு ஒரே டியூனிங் ரெண்டுக்கும் சரியா வராதுங்கறது என் எண்ணம். மாட்டறது சுலபம், மேல ஒரு போல்ட் கீழ ஒரு போல்ட், பழைய போல்ட் துருப் பிடிச்சிருந்தா முந்தின நாள் ராத்திரியே பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு விடுங்க. சூப்பர் டியூட்டியில பின் ஷாக் ஒண்ணு ஆக்ஸிலுக்கு முன்னாடி, ஒண்ணு பின்னாடி மாட்டிருப்பாங்க, யாரோ தப்பா மாட்டிட்டாங்கன்னு பயப்பட வேணாம், ஆக்ஸில் குதிக்காம இருக்கத்தான் அப்படி. போட்டதுக்கப்புறம் ஒரு ஜாயின்ட் தாண்டினா ஒரு அசைவோட முடிஞ்சு போகுது.

கடைசியா ஸ்வே பார், ஹெல்விக் கம்பெனியோட பிக் விக். இதுவும் எடை தாங்காது, இடது வலது ரெண்டு பக்கத்தையும் ஒரு கம்பியால கோத்து, ஒரு பக்கம் மட்டும் அமுங்கறதை எதிர்க்கும். கேஸ் ஸ்டேஷன் நுழைவுல மூலைவாட்டா ஏறும்போது தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசி அடிக்குமே, அதுக்கும் குறுக்குக் காத்துக்கும் இதுதான் மருந்து. ஆக்ஸில்ல யூ-போல்ட் போட்டு உக்காரும், ஃப்ரேம்ல இருந்து எண்ட் லிங்க் (பார் நுனியை ஃப்ரேமோட இணைக்கிற கம்பி) இறங்கும். பார் நுனியில ஒண்ணுக்கு மேல துளை இருக்கும், ஆக்ஸிலுக்குக் கிட்ட இருக்கற துளையில மாட்டினா கை நீளம் குறையும், விறைப்பு கூடும். நான் அதைத்தான் எடுத்தேன். முக்கியமானது, எண்ட் லிங்க்கைக் கடைசியா இறுக்குறதை கேம்பர் ஏத்தி வண்டி தரையில தன் எடையில நிக்கும்போது செய்யுங்க, அப்ப பாரோட கை தரைக்கு இணையா இருக்கான்னு பாருங்க. ஜாக்ல தூக்கி வச்சே இறுக்கினா புஷ் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் தேயும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு அதோட வர்ற கிரீஸையே நிறைய தடவுங்க, கண்ட கிரீஸைப் போட்டா கீச்சு கீச்சுன்னு கத்தும். இது ஒண்ணைப் போட்டதுக்கப்புறம் வாண்டேஜ் பாலத்துல காத்து தள்ளும்போது வண்டி மொத்தமா லேசா நகருது, மேல்பாதி மட்டும் சாயறது இல்ல. எல்லென்ஸ்பர்க் பக்கம் காத்தாடி மில்லு சும்மாவா நட்டு வச்சிருக்காங்க, அந்தக் காத்துல கையைத் தளர்த்திப் பிடிச்சு ஓட்ட முடியறது எனக்குப் பெரிய நிம்மதி.

சரி, ஏர்பேக்? கெட்ட சாமான்னு சொல்ல மாட்டேன். வீடியோ எடுத்த அந்த நண்பர் வச்சிருக்கறது ராம் 2500. 2014-ல இருந்து அதுல பின்னாடி காயில் ஸ்பிரிங், பட்டையே இல்ல, அதனால எழுப்பி விட ஓவர்லோடும் இல்ல. அவருக்கு ஏர்பேக்தான் முதல் தேர்வு, கூடவே ஸ்வே பாரும் போட்டார், நல்லா போகுது. ராம் 3500 வாங்கினா பட்டையே வரும், வேணும்னா கம்பெனி ஏர் சஸ்பென்ஷனும் கிடைக்கும். பட்டை வண்டியில ஏர்பேக்கை முதல்ல போட்டா நடக்கறது என்னன்னா, காத்து ஃப்ரேமைத் தூக்குது, தூக்கினதும் அந்தத் தடி ஓவர்லோடு பட்டை மறுபடி தொடாம விலகிப் போயிருது. பக்கவாட்டு விறைப்பைக் கொடுக்கற பட்டை சும்மா இருக்க, எடையில ஒரு பங்கு ரெண்டு காத்துப் பை மேல நிக்குது. வண்டி பாக்க லெவலா, கம்பீரமா இருக்கும், ஆட்டம் அப்படியே இருக்கும், சில பேருக்குக் கூடவும் செய்யும்.

அப்படியும் போடறதா இருந்தா ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி டியூப், தனித்தனி வால்வு வைங்க. ஒரே டி இணைப்புல ரெண்டையும் சேத்தா, திருப்பத்துல வெளிப்பக்கப் பை அமுங்கி அதுல இருக்கற காத்து உள்பக்கப் பைக்கு ஓடும், சாயற பக்கம் இன்னும் சாயும், கேம்பர் வண்டிக்கு அது ஆபத்து. டியூபை கத்தியால அறுக்காம டியூப் கட்டர்ல நேரா வெட்டுங்க, லீக் பெரும்பாலும் கோணலா வெட்டின முனையிலதான் வரும், சோப்புத் தண்ணி தடவிப் பாத்தா குமிழி காட்டிக் கொடுத்துரும். எக்ஸாஸ்ட் போற பக்கம் ஹீட் ஷீல்டு மறக்கக் கூடாது. கேம்பரை இறக்கினதும் காத்தை மொத்தமா விட்டுராதீங்க, ஏர் லிஃப்ட் லோட்லிஃப்டர் மாதிரி கிட்டுக்கு காலி வண்டியிலயும் குறைஞ்சபட்சம் 5 பி.எஸ்.ஐ இருக்கணும், இல்லன்னா பை மடிஞ்சு கிழியும். உள்ளயே பம்ப் ஸ்டாப் வச்ச அல்டிமேட் மாடல்னா காத்து போனாலும் தாங்கும்.

என் வண்டியில இப்ப மிச்சம் இருக்கறது அந்த அரை இன்ச் இடது சாய்வு மட்டும்தான். அதுக்காகவே ரெண்டு பக்கமும் சின்னதா காத்து வச்சு, இடது பக்கம் கொஞ்சம் கூட்டி லெவல் பண்ணலாம், பட்டை வண்டியில ஏர்பேக்குக்கு நான் ஒத்துக்கற நியாயமான வேலை அதுதான். ஓட்டும்போது அந்தச் சாய்வு எனக்குத் தெரியறது இல்ல, நிறுத்தின இடத்துல ஃப்ரிட்ஜுக்காக எப்படியும் வீலுக்கு அடியில லெவலிங் கட்டை வைக்கிறோம், அதனால இப்போதைக்கு வேணாம்னு விட்டிருக்கேன். பின்பக்கம் இப்ப இடது 39, வலது 39 அரை. ஹெட்லைட்டை கேம்பர் ஏத்தின நிலையில சுவர்ல அடிச்சுப் பாத்து இறக்கி வச்சாச்சு, இறக்கினதும் மறுபடி ஏத்திக்கணும்.

இதெல்லாம் மாட்டி முடிச்சவங்க ஒரு 500 மைல் ஓடினதும் அடியில படுத்து ஸ்வே பார் யூ-போல்ட், எண்ட் லிங்க், ஸ்டேபிள்லோடு போல்ட், ஷாக் போல்ட் எல்லாத்தையும் டார்க் ரெஞ்சோட ஒரு சுத்து பாத்துருங்க, எனக்கு யூ-போல்ட் நட்டு நாலுலயும் கால் சுத்து இறங்குச்சு. இறுக்கினதும் நட்டு மேலயும் பிராக்கெட் மேலயும் சேத்து பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு விட்டா, அடுத்த தடவை ஸ்பானரே எடுக்க வேணாம், டீசல் அடிக்க நிறுத்தும்போது குனிஞ்சு பாத்தாலே கோடு நேரா இருக்கா விலகிருக்கான்னு தெரிஞ்சிரும்.